நீர்மட்டம் உயர்ந்த கதை

ஒன்பதாம் எண் நீரேற்று நிலையத்து மோட்டார்காரருக்குக் குடி கிடையாது, புகை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். அளந்ததை அப்படியே எழுதிவிடுவார்.

இருபத்திரண்டு வருடமாக அவருடைய காலைப்பொழுது ஒரே மாதிரிதான் விடிந்தது. ஆறு மணிக்கு நிலையத்தின் பூட்டைத் திறப்பார். உள்ளே சுவரோடு ஒட்டிய ஸ்விட்சுப் பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு கால் போய்ச் செங்கல் முட்டுக் கொடுத்த மேசை. பின்புறம் எண்பது மீட்டர் ஆழமுள்ள ஆழ்துளைக் கிணறு. அதற்குள் எழுபத்திரண்டாவது மீட்டரில் மோட்டார் தொங்கியது. மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், நுனியில் இரும்புக் குண்டு கட்டிய அளவுநாடாவைக் கிணற்றுக்குள் இறக்குவார். குண்டு தண்ணீரைத் தொட்டதும் "டுப்" என்று ஒரு சத்தம் வரும். நாடா எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். எண் பெருகப் பெருகத் தண்ணீர் கீழே போகிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. படித்தவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

அந்தக் கிணறுதான் ஒன்பது தெருக்களுக்கும் ஒரு பிரசவ மருத்துவமனைக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்பதில் ஒன்று மோட்டார்காரரின் தெரு. தண்ணீர் எழுபத்திரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துக் கருகும், மணல் சரிந்து உள்ளே விழும், அதற்குப் பிறகு அதைக் கிணறு என்று சொல்ல முடியாது. தரையில் ஒரு ஓட்டை என்று சொல்லலாம். மோட்டார்காரர் பயந்தது உலகத்தில் இந்த ஒன்றுக்குத்தான். மனைவிக்குக் கூட இவ்வளவு பயந்ததில்லை.

நிலத்தடி நீர் வாரியத்தில் அளவை எழுத ஒரு படிவம் உண்டு. பழைய படிவத்தில், "தரையிலிருந்து நீர்ப்பரப்பு வரையுள்ள ஆழம், மீட்டரில்" என்று அச்சடித்திருந்தது. பார்க்க நீளம்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். வாரியம் திடீரென்று எளிமையில் ஆசைப்பட்டு, படிவ எளிமையாக்கக் குழு என்று ஒன்றை அமைத்தது. ஏழு பேர் கொண்ட அந்தக் குழு பதினொரு மாதம் கூடிக் கூடிப் பேசி, அந்த நீளமான தலைப்பை வெட்டிவிட்டு "நீர்மட்டம்" என்று ஒரே சொல்லாக்கியது. மிச்சமான இடத்தில் வாரியத்தின் சின்னத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்த திருப்தியில் குழு கலைந்தது.

அந்த வருடம்தான் மழை பொய்த்தது. தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. ஒரு தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம். வண்டி கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, வாசல் தெளிக்கக் கூடாது. மோட்டார்காரர் தினமும் குண்டை இறக்கினார். கோடை தொடங்கும்போது முப்பத்துநான்கு. ஒரு மாதத்தில் நாற்பத்தொன்று. அடுத்த மாதம் நாற்பத்தெட்டு. எழுதி, ஈரம் காய விட்டு, மடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே யாராவது பார்த்துப் பதறிப்போய் ஓடிவருவார்கள் என்று நம்பினார்.

ஓடித்தான் வந்தார்கள். பாராட்டுக் கடிதத்தோடு.

"கடுமையான வறட்சிக்கு நடுவிலும் தங்கள் நிலையத்தின் நீர்மட்டத்தை முப்பத்துநான்கிலிருந்து நாற்பத்தெட்டு மீட்டராக உயர்த்திய தங்கள் அயராத உழைப்பை வாரியம் பாராட்டுகிறது" என்று இருந்தது கடிதத்தில். மோட்டார்காரர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் கொடுத்தார்.

அவள் அப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தரை துடைத்த தண்ணீருக்கும் வேறு வேலை வைத்திருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணி ஏறிடுச்சாமே, சொல்லவே இல்ல நீங்க?"

"இறங்கிக்கிட்டு இருக்குடி."

"அப்ப இவங்க என்ன லூசா?"

"ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நேர்ல போய்ச் சொன்னா சரியாயிடும்" என்றார் மோட்டார்காரர். அலுவலகங்களைப் பற்றி அவருக்கு அப்போது அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

மறுநாள் தலைமை அலுவலகம் போனார். மூன்றாவது மாடியில் தரவுப் பிரிவு. அங்கே ஒரு எழுத்தர். மேசையில் அவருடைய கண்ணாடி, கண்ணாடிக்கூடு, கண்ணாடி துடைக்கும் துணி, தண்ணீர்ப் பாட்டில்கள் ஆறு.

"சார், ஒன்பதாம் நிலையத்துலேர்ந்து வர்றேன். நான் எழுதுற எண் கூடுனா, தண்ணி குறையுதுன்னு அர்த்தம் சார். நீங்க மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு எண் கூடுனா எப்படிங்க குறையும்? உங்க வயசு கூடுனா குறையுதுன்னு அர்த்தமா?"

"வயசு கூடுனா ஆயுசு குறையுதுல்ல சார்."

எழுத்தர் ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. சமாளித்துக்கொண்டு, "இங்க வந்து வேதாந்தம் பேசாதீங்க. படிவத்துல என்ன போட்டிருக்கு? நீர்மட்டம். எத்தன எழுதியிருக்கீங்க? நாப்பத்தெட்டு. போன மாசம் நாப்பத்தொண்ணு. நாப்பத்தெட்டு பெருசா, நாப்பத்தொண்ணு பெருசா?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டு சார்."

"அவ்வளவுதான். உங்களுக்கே தெரியுது."

"அப்ப நான் பக்கத்துலயே 'இது ஆழம்'னு ஒரு வார்த்தை எழுதிடவா சார்?"

எழுத்தர் முகம் கறுத்தது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். பெட்டிக்கு வெளியே எழுதப்பட்டவை கணக்கில் கொள்ளப்படா. "பெட்டிக்குள்ள எண் மட்டும்தான் போகும். எழுத்து போட்டா கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும். சிவப்பு வந்தா எனக்கு மெமோ வரும். எனக்கு மெமோ வரணும்னு ஆசைப்படுறீங்களா?"

மோட்டார்காரர் ஆசைப்படவில்லை. நான்காவது மாடிக்குப் போனார்.

நான்காவது மாடியில் உதவிப் பொறியாளர். அமைதியான பெண்மணி. அவர் முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொல்றது சரி."

மோட்டார்காரருக்கு உயிர் வந்தது. "அப்பா. உங்களுக்காவது புரிஞ்சுதே மேடம்."

"முதல் வாரமே புரிஞ்சுது. ஆனா நான் நாலு அறிக்கையில கையெழுத்துப் போட்டுட்டேன். அத வெச்சு இயக்குநர் ஒரு வரைபடம் போட்டு ரூம்ல மாட்டியிருக்காரு. கோடு மேல ஏறுது. பாக்க ரொம்ப அழகா இருக்கு. வெளியூர்லேர்ந்து ஆளுங்க வந்து பாத்துட்டுப் போறாங்க."

"திருத்த முடியாதா மேடம்?"

"திருத்தலாமே. திருத்தக் கோரிக்கைப் படிவம் இருக்கு. அதுல முதல் கேள்வியே, பிழைக்குப் பொறுப்பு யாரு? படிவ எளிமையாக்கக் குழு. அவங்க கையெழுத்து வேணும். குழு கலைஞ்சுடுச்சு. கலைஞ்ச குழுவோட கையெழுத்த எங்க போய் வாங்குறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கெட்டவ இல்லைங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, பதவி உயர்வுப் பட்டியல்ல மூணாவது இடம். மழை வந்துட்டா எல்லாம் தானா சரியாயிடும். நீங்க போய் மழைக்கு வேண்டிக்குங்க."

அறிவியல் படித்தவர் ஒருவர் இவ்வளவு தெளிவாக வழிசொல்லி மோட்டார்காரர் அதுவரை கேட்டதில்லை.

ஐம்பத்துமூன்றில் இயக்குநரே நிலையத்துக்கு வந்தார். முன்னால் ஒரு வண்டி, பின்னால் இரண்டு வண்டி. வண்டிகள் பளபளவென்று கழுவப்பட்டிருந்தன. தெருக்காரர்கள் தங்கள் காலிக் குடங்களோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். குடத்தோடு வந்ததற்குக் காரணம், வாரியத்து வண்டி வந்தால் தண்ணீர் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதுதான்.

இயக்குநர் குனிந்து கிணற்று வாய்க்குள் பார்த்தார். ஒரு சாண் அகலக் குழாய்க்குள் இருட்டைத் தவிர எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

"ஆகா. தெரியுது" என்றார்.

எழுத்தரும் குனிந்து பார்த்து, தனக்கும் தெரிகிறது என்றார். உதவிப் பொறியாளர் மட்டும் இடுப்பு வலி என்று சொல்லிக் குனியவில்லை.

பிறகு இயக்குநர் செங்கல் முட்டுக் கொடுத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். "பொதுமக்களே, கட்டுப்பாடு என்றதும் முதலில் முணுமுணுத்தீர்கள். இன்று பாருங்கள். நீங்கள் குளிக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் நிலத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் துவைக்காமல் விட்ட ஒவ்வொரு துணியும் ஒரு மில்லிமீட்டர். உங்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது எங்களுக்கு மட்டும் சுலபமா? ஒவ்வொரு நாளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் கொடுக்காமல் இருக்கிறோம். இந்தத் தியாகத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு."

கூட்டத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "தண்ணி அவ்வளவு ஏறியிருந்தா கொஞ்சம் விடலாமே சார்?" என்று கேட்டாள்.

"விட்டால் இறங்கிவிடும் அம்மா" என்றார் இயக்குநர் பொறுமையாக. "ஏற்றுவதற்காகத்தானே விடாமல் இருக்கிறோம்?"

அந்தப் பெண்ணுக்கு மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்.

அறுபதில்தான் உண்மையான வினை வந்தது. வாரியத்தில் அபாயத் தடுப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. பல வருடமாக அபாயம் எதுவும் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கிணற்றின் மொத்த ஆழம் எண்பது மீட்டர். நீர்மட்டம் அறுபது மீட்டர். இன்னும் இருபதே மீட்டர் ஏறினால் கிணறு பொங்கி ஒன்பது தெருக்களும் மூழ்கும். அன்று மாலையே ஒன்பது தெருக்களிலும் வெள்ள அபாய எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். வீட்டுக்கு ஆறு மணல்மூட்டை கொடுத்தார்கள். பிரசவ மருத்துவமனைக்கு ஒரு ரப்பர்ப் படகு கொடுத்தார்கள். அங்கே தாதிகள் தரையில் கிடந்த படகில் துவைக்க வேண்டிய துணிகளைப் போட்டு வைத்தார்கள், ஏனென்றால் துவைக்கத் தண்ணீர் இல்லை.

மோட்டார்காரரின் மனைவி ஆறு மூட்டைகளையும் வாசலில் அடுக்கிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வெள்ளம் வரப்போற வீட்டுல குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இத நான் யாருகிட்ட சொன்னா நம்புவாங்க?" என்றாள்.

மோட்டார்காரரின் சட்டைப்பையில் புது உத்தரவு இருந்தது. வெள்ளத்தைத் தவிர்க்க, தினமும் இருபது மணி நேரம் மோட்டார் ஓட்டி நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். அப்படி எடுக்கும் தண்ணீரை மக்களுக்கு விட முடியாது, ஏனென்றால் கட்டுப்பாட்டுப் பிரிவின் தடை அப்படியே இருக்கிறது. ஆகவே அதை மழைநீர் வடிகாலில் விட வேண்டும். இரண்டு பிரிவும் ஒரே தளத்தில், எதிரெதிர் அறையில் இருந்தன. நடுவில் இருந்த நடைபாதையைக் கடக்க எந்தப் பிரிவுக்கும் அதிகாரம் கிடையாது.

இருபது மணி நேரம் மோட்டார் ஓடியது. தண்ணீர் வடிகாலில் தெளிவாக, குளிர்ச்சியாக, சலசலவென்று ஓடியது. வடிகால் ஓரமாக ஒரு காவலாளியை நிறுத்தினார்கள், யாரும் குடத்தில் மொண்டுவிடக் கூடாது என்பதற்காக. மொண்டால் கட்டுப்பாட்டு மீறல். காவலாளி நல்ல மனுஷன். நாக்கு வறண்டுபோய் நின்றுகொண்டே காவல் காத்தான்.

மோட்டார் இறைக்க இறைக்க நீர் கீழே போனது. நீர் கீழே போகப் போக எண் கூடியது. எண் கூடக் கூட அலுவலகத்தில் வெள்ளம் நெருங்கியது. வெள்ளம் நெருங்க நெருங்க இன்னும் வேகமாக இறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அறுபத்துமூன்று. அறுபத்தைந்து. அறுபத்தேழு.

அறுபத்தெட்டில் மோட்டார் இருமியது.

மோட்டார்காரர் குழாயின் வாயில் கையைப் பிடித்துப் பார்த்தார். கலங்கல். உள்ளங்கையில் நறநறவென்று மணல். நான்கே மீட்டர்தான் பாக்கி. இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று. மோட்டாரை அணைத்துவிடலாம்தான். அணைத்தால் அடுத்த மணி நேரத்தில் வேறு ஆள் வந்து போடுவான், உத்தரவு அப்படி. இருபத்திரண்டு வருடம் அவர் காப்பாற்றி வைத்த கிணற்றை அவர் கையாலேயே சாகடிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்கிக்கொள்ளவும் இல்லை. அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அளந்தது ஒன்று, எழுதியது ஒன்றாக ஆகப்போகிறது. ஒருமுறை நாடா அறுந்துபோன நாளில் கூட "அளக்கவில்லை" என்று எழுதி அதற்காகத் திட்டு வாங்கியவர் அவர். பெட்டிக்குள் ஐம்பத்தொன்பது என்று எழுதினார். பொய் சொன்ன கூச்சத்தில் அன்று முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஐம்பது. அன்று மாலையே சிறப்புப் படிவத்தில் முப்பத்தெட்டு. ஒரு பொய் பழகிவிட்டால் அடுத்ததற்குக் கூச்சம் வருவதில்லை என்பதைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

அலுவலகம் கொண்டாடியது. "இருபது மணி நேரமும் இடைவிடாது போராடி வெள்ளத்தை முப்பத்தெட்டு மீட்டருக்குக் கீழே அடக்கிவிட்டோம்" என்று இயக்குநர் அறிக்கை விட்டார். வடிகால் இறைப்பு நின்றது. மணல்மூட்டைகளை எண்ணித் திருப்பி வாங்கினார்கள். மோட்டார்காரரின் வீட்டில் ஒன்று குறைந்தது. அது உட்கார வசதியாக இருக்கிறது என்று மனைவி கொடுக்க மறுத்துவிட்டாள்.

கிணற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று நினைத்து மோட்டார்காரர் முப்பது என்று எழுதினார். உடனே வறட்சி என்று அறிவித்து, மோட்டாரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார்கள். அவர் கேட்டதும் அதுதான். இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் அவர் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்க வைக்கப் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டியில் முப்பது என்று எழுதிக்கொண்டே, உண்மையான அளவை வீட்டில் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் குறித்து வைத்தார். கிணறு மெதுவாக ஊறியது. அறுபத்துநான்கு. ஐம்பத்தேழு. பிறகு மழையும் வந்தது, சும்மா இல்லை, மூன்று வாரம் கொட்டியது. நாற்பத்தாறு. முப்பத்தேழு. ஒருநாள் காலை குண்டு முப்பதில் "டுப்" என்றது. நம்பிக்கை இல்லாமல் மூன்று தடவை இறக்கிப் பார்த்தார். முப்பதேதான். எழுதிவந்த பொய் அன்றைக்கு உண்மையாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது.

இனி பொய் வேண்டாம் என்று முடிவு செய்தார். பழைய கெட்ட பழக்கம், விடுமா? மறுவாரம் இருபத்தாறை இருபத்தாறு என்றே எழுதினார். அடுத்து இருபத்திரண்டு. கிணறு பத்து வருடத்தில் இல்லாத அளவுக்கு நிறைந்திருந்தது.

இருபதில் ஒரு ஜீப் வந்து நின்றது. உதவிப் பொறியாளரும் ஒரு கொத்தனாரும் இறங்கினார்கள். கொத்தனாரிடம் இரண்டு மூட்டை சிமெண்ட் இருந்தது. உதவிப் பொறியாளர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மோட்டார்காரருக்குக் குற்றச்சாட்டு மெமோ. அறுபத்தேழு மீட்டர் இருக்க வேண்டிய தண்ணீர் இருபது மீட்டராகக் குறைந்திருக்கிறது, நாற்பத்தேழு மீட்டர் தண்ணீர் எங்கே போனது என்று ஏழு நாளில் விளக்க வேண்டும். இன்னொன்று கிணற்றுக்கு. நீராதாரம் வற்றிவிட்டதால் கிணற்றை நிரந்தரமாக மூடும் உத்தரவு.

"மேடம், உள்ள தண்ணி தளும்பிக்கிட்டு இருக்கு மேடம்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் உதவிப் பொறியாளர். "உங்கள யாரு நெஜத்த எழுதச் சொன்னது? ஏங்க, ஒரு தடவ பொழச்சீங்கள்ல, அதோட விட வேண்டியதுதானே?"

தன் பொய் இந்த அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது மோட்டார்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபத்தேழிலிருந்து ஒரே நாளில் ஐம்பத்தொன்பது. எந்தக் கிணறும் அப்படி ஏறாது, இறங்காது. பார்த்தவுடன் தெரிந்திருக்கும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கொத்தனார் தட்டில் சிமெண்டைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். "கலக்கத் தண்ணி வேணுமே. எங்க எடுக்கறது?"

"இந்தக் கிணத்துலேர்ந்துதான்" என்றார் மோட்டார்காரர்.

கொத்தனார் மூட வேண்டிய கிணற்றையும் காய்ந்த சிமெண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "வத்திப்போன கிணறுன்னுல்ல சொன்னாங்க?"

உதவிப் பொறியாளர் கைப்பையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துச் செங்கல் மேசைமேல் வைத்தார். "மூடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ அளக்கணும்னு விதி இருக்கு. அளங்க."

மோட்டார்காரர் குண்டை இறக்கினார். மூன்று பேருக்கும் கேட்கும்படி, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் என்பதுபோல், "டுப்" என்றது. நாடாவில் பத்தொன்பதரை. அவர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பெருசா எழுதுனா படகு வரும். ரொம்பச் சின்னதா எழுதுனா சிமெண்ட் வரும்" என்றார் ஜன்னலிடம்.

மோட்டார்காரர் பெட்டிக்குள் நாற்பது என்று எழுதினார். கொத்தனார் கொட்டிய சிமெண்டை மறுபடி மூட்டையில் அள்ளிக்கொண்டு, வேலை இல்லாமல் போன கடுப்பில் ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் நாற்பது என்றே எழுதினார். வெயில் அடித்தாலும் நாற்பது, மழை கொட்டினாலும் நாற்பது. படகும் வரவில்லை, சிமெண்டும் வரவில்லை, மெமோவைப் பற்றியும் யாரும் அப்புறம் பேசவில்லை. மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதைக் காலண்டர் ஓரத்தைப் பார்த்து அவரே முடிவு செய்துகொண்டார். ஒன்பது தெருவிலும் தண்ணீர் வந்தது. தாதிகள் படகைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு முடிவில் வாரியம் அவருக்கு விருது அறிவித்தது. துல்லியமான அளவீட்டுக்கான விருது. ஒரு வருடம் முழுக்க ஒரு மீட்டர் கூட ஏறாமல் இறங்காமல் நீர்மட்டத்தை நிலைநிறுத்திய ஒரே சாதனைக்காக என்று கடிதத்தில் இருந்தது. விழாவுக்கு எல்லா நிலையத்து மோட்டார்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய மண்டபம். இருநூறு பேர் இருப்பார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான்காம் நிலையத்து மோட்டார்காரம்மா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, கையில் கிரீஸ் கறை.

"அண்ணே, நீங்க ஒன்பதாம் நிலையமா?" என்று கேட்டார் அந்த அம்மா மெல்ல.

"ஆமாம்மா."

"இப்ப எவ்வளவு எழுதுறீங்க?"

எழுதுகிறீர்கள் என்று கேட்டதை மோட்டார்காரர் கவனித்தார். "நாப்பது."

"நல்ல எண். நாங்க முப்பத்தெட்டு. படிவம் மாறுன ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "எங்களது நாப்பத்திரண்டு" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். அவருடையதும் ஏதோ ஒரு நாற்பதாகத்தான் இருக்க வேண்டும்.

"போன வருஷம் ஒன்பதாம் நிலையம் மட்டும் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்துச்சா, நாங்க எல்லாரும் பயந்துட்டோம்ணே" என்றார் அந்த அம்மா. "அங்க யாரோ நெஜமாவே அளந்துக்கிட்டு இருக்காங்கன்னு பேசிக்கிட்டோம். பாவம், புதுசு போலன்னு நெனச்சோம்."

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வாரியத்தின் உயிர் எது? கட்டடமா? இல்லை. தண்ணீரா? அதுவும் இல்லை. தரவு. நாடு முழுக்க நிலத்துக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று என் அறையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். அந்தத் தரவைத் தந்த கைகளில் ஒன்றைத்தான் இன்று கௌரவிக்கிறோம்."

மோட்டார்காரர் மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்குப் பயன்படும்படி இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி இயக்குநர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார். அவருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார்.

"தினமும் தவறாம அளக்கணும்" என்றார். "அளந்தத..."

அங்கே நின்றுவிட்டார். இருநூறு பேர் மூச்சு விடாமல் அவரையே பார்த்தார்கள். உதவிப் பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அளந்தத வீட்டுல பத்திரமா வெச்சுக்கணும்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டல் இவ்வளவு நீளுவதைப் பார்த்து இயக்குநர் நெகிழ்ந்துபோனார். ஆவணப் பாதுகாப்பின் முக்கியத்துவத்தை இவ்வளவு எளிமையாக யாரும் சொன்னதில்லை என்றார். அடுத்த வருடப் படிவத்தின் அடியில் அந்த வாக்கியத்தையே அச்சடிக்கும்படி புதிதாக வந்திருந்த எழுத்தருக்கு அங்கேயே உத்தரவு போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குண்டு இருபத்தொன்றில் "டுப்" என்றது. மோட்டார்காரர் பெட்டிக்குள் நாற்பது என்று எழுதிவிட்டு மோட்டாரைப் போட்டார்.

வீட்டில் மனைவி குழாயடியில் வாளியை வைத்தபடி கேட்டாள். "இன்னிக்கு எவ்வளவுங்க?"

"இருபத்தொண்ணு" என்றார். அந்தக் கேள்விக்கு அவர் உண்மை சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தாள்.